புரூனிங்குக்கு வேறு வழி இருந்ததா? ஜெர்மனி, 1930–1932: விவாத இழை

வாசகர் கேள்வி, 7 ஜனவரி 2024

பெருமந்தக் காலத்தில் ஜெர்மனியின் சான்சலராக இருந்த ஹைன்ரிக் புரூனிங் சம்பளத்தை வெட்டினார், உதவித்தொகையை வெட்டினார், மக்களைப் பட்டினி போட்டார், கடைசியில் நாட்டை ஹிட்லர் கையில் கொடுத்துவிட்டுப் போனார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கஜானா காலி, கடன் கொடுக்க ஆளில்லை, தலைமேல் முதல் உலகப் போருக்கான இழப்பீடு. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள், அவர் வேறு என்ன செய்திருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

8 ஜனவரி

கேள்வியில் பாதிக்கு உடன்படுகிறேன். 1930 மார்ச் முதல் 1931 கோடை வரை பொருளாதாரத்தில் அவருடைய கைகள் பெரும்பாலும் கட்டப்பட்டிருந்தன. அதன் பிறகு கட்டு தளர்ந்தது. தளர்ந்த பிறகும் அவர் அதே பாதையில் முன்னிலும் வேகமாக நடந்தார். அரசியலிலோ முதல் கோடையிலேயே அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. பொருளாதாரத்தையும் அரசியலையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு "வேறு வழியில்லை" என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வது நல்லது. 1885இல் வெஸ்ட்ஃபாலியாவின் மூன்ஸ்டர் நகரில், வினிகர் தயாரிப்பும் மது வணிகமும் செய்துவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மிகச் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். இங்கிலாந்தின் ரயில்வே குறித்து ஆய்வு செய்து 1915இல் முனைவர் பட்டம் பெற்றார். பார்வைக் குறைவும் மெலிந்த உடலும் இருந்தும் தானாக முன்வந்து படையில் சேர்ந்தார். இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் அதிகாரியாகி, இரும்புச் சிலுவை விருதுடன் திரும்பினார். போருக்குப் பிறகு கிறித்தவத் தொழிற்சங்கக் கூட்டமைப்பை பத்தாண்டுக் காலம் நிர்வகித்தார். 1924இல் கத்தோலிக்கர்களின் கட்சியான மையக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக்குக்குச் சென்று, வரவு செலவில் கரை கண்டவர் என்று பெயர் எடுத்தார்.

இவரைத் தொழிலாளியின் துன்பம் அறியாத மேட்டுக்குடியாக நினைத்துக்கொண்டு விவாதிக்கத் தொடங்கினால், தொடக்கமே தவறிவிடும். சம்பள ஒப்பந்தம் என்றால் என்ன என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது. அப்படிப்பட்ட ஒருவர்தான் பின்னாளில் நாட்டிலுள்ள அத்தனை சம்பள ஒப்பந்தங்களையும் ஒரே ஆணையால் திருத்தினார்.

8 ஜனவரி, இரவு

எதிரிகள் அவரைப் "பட்டினிச் சான்சலர்" என்று அழைத்தார்கள். தன் வயிற்றை நிரப்பிக்கொண்டு பிறருக்குச் சிக்கனம் போதித்தவர் அல்லர் அவர். 1930 ஜூலை அவசர ஆணையில் திருமணமாகாதவர்களுக்கு வருமான வரியில் ஒரு கூடுதல் சுமை ஏற்றப்பட்டது. புரூனிங் கடைசிவரை மணம் செய்துகொள்ளாதவர், ஆகவே அந்தச் சுமை அவருக்கும் உண்டு. இதை அவருக்குச் சாதகமான சான்றாகவே குறிப்பிடுகிறேன். ஆனால் தன்னை வருத்திக்கொள்ளத் தெரிந்தவருக்கு மற்றவர்களால் எவ்வளவு தாங்க முடியும் என்ற கணக்கு பிசகிவிடுவதுண்டு. அவர் விஷயத்தில் அதுதான் நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

11 ஜனவரி

அரசியலில் அவருக்கு வழி இருந்தது என்று சொன்னதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். 1930இன் ஐந்து மாதங்களைப் பார்த்தாலே போதும்.

அவருக்கு முன் சான்சலராக இருந்தவர் சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெர்மன் முல்லர். வேலையின்மைக் காப்பீட்டுக்குத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கட்டிய சந்தா அப்போது சம்பளத்தில் 3.5 சதவீதம். வேலையிழந்தோர் பெருகப் பெருக நிதி போதவில்லை; சந்தாவை 4 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்று ஒரு தரப்பும், உதவித்தொகையைக் குறைக்க வேண்டும் என்று மறு தரப்பும் பிடிவாதமாக நின்றன. சமரசம் பேசி ஒரு வரைவைக் கொண்டுவந்தவர் மையக் கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவராக இருந்த இதே புரூனிங்தான். அந்தச் சமரசம் எடுபடாமல் மார்ச் 27இல் முல்லர் அரசு விழுந்தது. அரை சதவீதச் சண்டையில் போனது, வைமார் குடியரசில் (முதல் உலகப் போருக்குப் பின் ஹிட்லர் வரும்வரை ஜெர்மனியில் இருந்த ஜனநாயகக் குடியரசில்) நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஆண்ட கடைசி அரசு.

மூன்று நாட்களில் புரூனிங் சான்சலர் ஆனார். குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களும், குறிப்பாக ராணுவத்தின் அரசியல் மூளையாக விளங்கிய ஷ்லைஷரும், சமூக ஜனநாயகக் கட்சியை ஒதுக்கிவைத்து, நாடாளுமன்றத்தை நம்பாமல் ஆளும் ஓர் அரசை விரும்பினார்கள். அதற்கான ஆயுதம் அரசமைப்பின் 48ஆம் பிரிவு. பொது அமைதிக்கு ஆபத்து வரும்போது குடியரசுத் தலைவர் அவசர ஆணை பிறப்பிக்க அது இடம் கொடுத்தது. அந்த ஆணையை ரத்து செய்யும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பதும் அதே பிரிவில்தான் எழுதப்பட்டிருந்தது.

ஜூலை 16இல் புரூனிங்கின் நிதி மசோதாவை ரைக்ஸ்டாக் நிராகரித்தது. நிராகரிக்கப்பட்ட அதையே அவர் அவசர ஆணையாக அமல்படுத்தினார். இரண்டு நாள் கழித்து, தனக்குரிய உரிமைப்படி ரைக்ஸ்டாக் அந்த ஆணையை ரத்து செய்தது. உடனே ரைக்ஸ்டாக் கலைக்கப்பட்டது. ஆணை சிறு மாற்றங்களுடன் மீண்டும் பிறப்பிக்கப்பட்டது. சமூக ஜனநாயகக் கட்சியினர் பேசத் தயாராகவே இருந்தார்கள். பேச்சுவார்த்தையைத் தட்டிக்கழித்தவர் புரூனிங்.

அந்த ரைக்ஸ்டாக் 1928 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நான்காண்டுக் காலம் முடிய 1932 வரை அவகாசம் இருந்தது. அதில் நாஜிகளுக்கு 12 இடங்கள் மட்டுமே. முந்தைய மாதம்தான் சாக்சனி மாநிலத் தேர்தலில் அவர்கள் 14 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்றிருந்தார்கள். எச்சரிக்கை மணி அடித்தாகிவிட்டது. அப்படியிருந்தும், வேலையில்லாதோர் முப்பது லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், புரூனிங் நாட்டைத் தேர்தலுக்கு இழுத்துச் சென்றார். செப்டம்பர் 14இல் நாஜிகள் 107 இடங்களைப் பிடித்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு 77. தங்கமும் இழப்பீடும் உலகச் சந்தையும் இந்தத் தேர்தலை அவர்மேல் திணிக்கவில்லை. முடிவு முழுக்க முழுக்க அவருடையது.

12 ஜனவரி

"அப்போது யாருக்கும் தெரியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சாக்சனி முடிவு ஜூன் 22இல் வெளியானது. கலைப்பு ஜூலை 18இல். இடையில் ஏறக்குறைய நான்கு வாரம் இருந்தது.

14 ஜனவரி

இனி அவருடைய கை கட்டப்பட்டிருந்த பக்கம். இதில் கேள்வி கேட்டவரின் தரப்பில் நியாயம் அதிகம்.

அரசுக்கு வருமானம் குறையும்போது கடன் வாங்கிச் செலவு செய்யலாமே என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யார் கொடுப்பார்கள்? 1923இல் ஒரு ரொட்டி பல்லாயிரம் கோடி மார்க்குக்கு விற்ற நாடு அது. வாழ்நாள் சேமிப்பை மொத்தமாக இழந்த குடும்பங்கள் மீண்டும் அரசுப் பத்திரம் வாங்க முன்வரவில்லை. மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்க் நோட்டு அச்சடித்து அரசுக்குக் கொடுப்பதைச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது; வெளியிட்ட நோட்டுகளுக்கு 40 சதவீத அளவில் தங்கமோ அந்நியச் செலாவணியோ கையிருப்பு இருக்க வேண்டும். யங் திட்டம் என்ற சர்வதேச உடன்பாட்டின்படி போர் இழப்பீடாக ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 200 கோடி ரைக்ஸ்மார்க் வீதம் 1988 வரை கட்டியாக வேண்டும். இருபதுகளில் நகராட்சிகளும் தொழிற்சாலைகளும் வங்கிகளும் வாங்கிக் குவித்த வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதி குறுகிய காலக் கடன். கொடுத்தவர் எந்த நேரமும் திரும்பக் கேட்கலாம்.

செப்டம்பர் தேர்தல் முடிவைப் பார்த்ததும் கேட்கவே தொடங்கினார்கள். அக்டோபரில் லீ ஹிகின்சன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தலைமையில் 12.5 கோடி டாலர் கடன் கிடைத்தது; பற்றாக்குறையை அடைப்போம் என்று உறுதி கூறித்தான் அதைப் பெற முடிந்தது. ஆகவே 1930 குளிர்காலத்தில் "செலவைக் கூட்டியிருக்கலாம்" என்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. ஆனால் அந்தக் கயிற்றின் ஒரு முடிச்சு, அவரே வரவழைத்த தேர்தலால் விழுந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

19 ஜனவரி

நான் ஒரு கூட்டுறவு வங்கியின் காசாளர் இருக்கையில் பல ஆண்டுகள் இருந்தவன். வங்கிக்குச் சிக்கல் என்று ஒரு வதந்தி கிளம்பிய நாளில், காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே படிக்கட்டு நிறைய ஆட்கள் நின்றார்கள். கையிலிருந்த பாஸ்புக்கை யாரும் பைக்குள் வைக்கவில்லை. எல்லாரும் நெஞ்சோடு பிடித்திருந்தார்கள். "உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது" என்று மேலாளர் வெளியே வந்து சொன்னதும் வரிசை இரட்டிப்பானது. அதுவரை சந்தேகம் இல்லாமல் தெருவில் போய்க்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்தவன் என்பதால், 1931 ஜூன் மாதத்து நிகழ்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஜூன் 5ஆம் தேதி புரூனிங் அரசு இரண்டாவது பெரிய அவசர ஆணையைப் பிறப்பித்தது. முந்தைய டிசம்பரில் 6 சதவீதம் வெட்டப்பட்டிருந்த அரசு ஊழியர் சம்பளத்தில் இப்போது மேலும் 4 முதல் 8 சதவீதம் போயிற்று, உதவித்தொகைகளும் குறைந்தன. கசப்பு மருந்தை விழுங்க வைப்பதற்காக அதோடு ஓர் அறிக்கையையும் சேர்த்து வெளியிட்டார்கள். மக்கள்மேல் சுமத்தக்கூடிய சுமையின் எல்லை வந்துவிட்டது, இனி இழப்பீடு கட்ட இயலாது என்பதே அதன் பொருள். அது வெளியான நேரத்தில் புரூனிங் இங்கிலாந்துப் பிரதமரின் விருந்தினராக செக்கர்ஸ் மாளிகையில் இருந்தார்.

உள்நாட்டு வாசகருக்காக எழுதப்பட்ட அந்த அறிக்கையை வெளிநாட்டுக் கடன்காரர்களும் படித்தார்கள். "ஜெர்மனி கட்ட முடியாத நிலையில் இருக்கிறது" என்று ஜெர்மன் அரசே சொல்லும்போது பணத்தை விட்டுவைப்பவர் யார்? ஆஸ்திரியாவின் மிகப்பெரிய வங்கியான கிரெடிட்ஆன்ஸ்டால்ட் மே மாதத்தில்தான் ஆட்டம் கண்டிருந்தது. ரைக்ஸ்பாங்கிலிருந்து தங்கமும் செலாவணியும் ஆறாக வெளியேறின. ஜூன் 20இல் அமெரிக்க அதிபர் ஹூவர், அரசுகளுக்கிடையேயான கடன் தவணைகளையும் இழப்பீட்டையும் ஓராண்டு நிறுத்திவைக்கலாம் என்று அறிவித்தார். பிரான்ஸ் சம்மதிக்க ஜூலை 6 ஆயிற்று. அதற்குள் நார்ட்வோல்லே என்ற பெரிய கம்பளி நிறுவனத்தின் நட்டம் அம்பலமாகி, அதற்குக் கடன் கொடுத்திருந்த டனாட் வங்கி ஜூலை 13 திங்கட்கிழமை கதவைத் திறக்கவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் நாடெங்கும் வங்கிகள் மூடப்பட்டன. பணம் எடுப்பதற்கான கட்டுப்பாடுகள் நீங்க ஆகஸ்ட் ஆனது. ரைக்ஸ்பாங்க் வட்டி ஆகஸ்ட் 1இல் 15 சதவீதத்தைத் தொட்டது.

வங்கி நெருக்கடிக்கு வேறு காரணங்களும் இருந்தன: மார்ச்சில் ஆஸ்திரியாவுடன் சுங்க ஒன்றியம் அமைக்கப்போவதாக அறிவித்துப் பிரான்சைச் சீண்டியது, வங்கிகளின் சொந்த முதல் மிகக் குறைவாக இருந்தது, இன்னும் பல. இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும், ஒரு நாட்டின் சான்சலர் தன் நாட்டின் கையறு நிலையைப் பேரம் பேசும் கருவியாக்கினார் என்பது அந்த ஜூன் அறிக்கையில் தெரிகிறது. என்னுடைய முதன்மையான குற்றச்சாட்டு அதுவே.

20 ஜனவரி

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. வங்கி நெருக்கடி ஒரு பேரழிவு. அதே நேரத்தில் அது கட்டை அவிழ்த்தும்விட்டது. ஜூலை நடுவிலிருந்து அந்நியச் செலாவணிக்குக் கட்டுப்பாடு வந்தது. குறுகிய கால வெளிநாட்டுக் கடன்களைத் திரும்பக் கேட்காமல் நிறுத்திவைக்கும் உடன்பாடு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இழப்பீடு ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. செப்டம்பர் 21இல் பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்த தங்கத் திட்டத்திலிருந்து பிரிட்டன் வெளியேறி, பவுண்டின் மதிப்பை இறங்க விட்டது. "பணம் ஓடிவிடும்" என்ற அச்சம்தான் கையைக் கட்டியது என்றால், ஓட வழி அடைக்கப்பட்ட பிறகும் ஏன் கை அசையவில்லை?

யோசனை சொல்ல ஆளில்லை என்றும் கூற முடியாது. பொருளாதார அமைச்சகத்தில் பணியாற்றிய வில்ஹெல்ம் லவுட்டன்பாக், ரைக்ஸ்பாங்க் கடனைக் கொண்டு பொதுப்பணிகளைத் தொடங்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அது செப்டம்பர் நடுவில் ரைக்ஸ்பாங்கில் நடந்த மூடிய கூட்டத்தில் விவாதிக்கப்பட்டது. தொழிற்சங்கத் தரப்பிலிருந்து வொய்ட்டின்ஸ்கி, டார்னோவ், பாடே ஆகிய மூவரும் 200 கோடி மார்க் செலவில் பத்து லட்சம் பேருக்கு வேலை தரும் திட்டத்தை 1932 தொடக்கத்தில் முன்வைத்தார்கள். புரூனிங் அசைந்துகொடுக்கவில்லை.

அந்தத் தொழிற்சங்கத் திட்டத்தைச் சமூக ஜனநாயகக் கட்சியின் பொருளாதார மேதையான ஹில்ஃபர்டிங்கும் பணவீக்கத்தைக் கொண்டுவரும் என்று எதிர்த்தார். பழியை ஒருவர் தலையில் மட்டும் கட்டுபவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

27 ஜனவரி

கொலோனில் வசிக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பழம்பொருள் சந்தையில் ஒரு நாணயம் வாங்கினேன். செம்பு நிறம், ஒரு பக்கம் கழுகு, மறு பக்கம் பெரிய எழுத்தில் 4. ஆண்டு 1932. பெர்லின் நாணயச் சாலையைக் குறிக்கும் சிறிய 'ஏ' எழுத்தும் உண்டு. நான்கு பெனிக் (நூறு பெனிக் ஒரு மார்க்) நாணயம் என்று ஒன்று அதற்கு முன் அந்த நாட்டுப் புழக்கத்தில் பழக்கமில்லாதது; மக்கள் கையில் இருந்தவை ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து.

அது பிறந்த கதை 1931 டிசம்பர் 8 தேதியிட்ட நான்காவது பெரிய அவசர ஆணையில் இருக்கிறது. அந்த ஆணையைப் போல ஒரு சந்தைப் பொருளாதாரத்தின் ஒவ்வொரு மூலையிலும் அரசு கைவைத்த ஆவணம் அரிது. ஒப்பந்தச் சம்பளங்கள் 1927 ஜனவரி 10 அன்றிருந்த அளவுக்கு இறக்கப்பட்டன. அரசு ஊழியருக்கு மேலும் 9 சதவீத வெட்டு. ஒப்பந்தங்களால் நிர்ணயிக்கப்பட்ட பொருள் விலைகள் 10 சதவீதம் குறைய வேண்டும். வாடகை குறைய வேண்டும். நெடுங்காலக் கடன்களில் 8 சதவீத வட்டி 6 ஆக வேண்டும். விலைக் குறைப்பைக் கண்காணிக்க லைப்சிக் மேயர் கார்ல் கோர்டலர் ஆணையராக நியமிக்கப்பட்டார். பின்னாளில் ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கேற்றுத் தூக்கிலிடப்பட்டவர் அவரே. ஐந்து பெனிக்குக்கு விற்றதை நான்குக்கு இறக்கினால் கொடுக்க வாங்க வசதியாக இருக்கட்டும் என்று இந்த நாணயத்தை அடித்தார்கள். மக்கள் அதற்கு "ஏழை ஹைன்ரிக்" என்று சான்சலரின் பெயரையே சூட்டினார்கள். கடைக்காரரும் விரும்பவில்லை, வாங்குபவரும் விரும்பவில்லை. 1933இல் திரும்பப் பெறப்பட்டது.

சம்பளமும் விலையும் வாடகையும் வட்டியும் ஒரே அளவில் இறங்கினால் யாருக்கும் நட்டமில்லை, ஏற்றுமதி மட்டும் மலிவாகும் என்பதே புரூனிங்கின் கணக்கு. காகிதத்தில் அது நேர்த்தியான கணக்குதான். ஆனால் விலை நாளை இன்னும் இறங்கும் என்று தெரிந்தால் இன்று வாங்க யார் வருவார்கள்? வாங்கிய கடனின் அசல் மட்டும் பழைய மார்க் அளவிலேயே நிற்கும். சம்பளம் குறைந்த தொழிலாளி குறைவாக வாங்குவார், கடை தேங்கும், ஆலை மூடும், அடுத்த தொழிலாளி வெளியேறுவார். 1932 பிப்ரவரியில் பதிவு செய்யப்பட்ட வேலையில்லாதோர் எண்ணிக்கை 61 லட்சத்தைத் தாண்டியது.

2 பிப்ரவரி

வேலையில்லாதவர் என்ன வாங்கினார் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று படிகள் இருந்தன. முதலில் காப்பீடு. அதன் காலம் முடிந்தால் நெருக்கடி உதவி. அதுவும் முடிந்தால் நகராட்சியின் ஏழைகள் நல உதவி. 1927இல் சட்டமான காப்பீடு அடிப்படையில் 26 வாரத்துக்கானது. 1931 அக்டோபரில் அது 20 வாரமாகக் குறைக்கப்பட்டது. சந்தாவோ 1930க்குள்ளேயே 3.5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகியிருந்தது. கூடுதலாகக் கட்டிக் குறைவாகப் பெறும் நிலை. மந்தம் நீள நீள லட்சக்கணக்கானோர் கடைசிப் படிக்குத் தள்ளப்பட்டார்கள். அந்தப் படியில் பணம் கொடுக்க வேண்டிய நகராட்சிகளின் வருமானம் அதே வேகத்தில் வற்றிக்கொண்டிருந்தது. மத்திய அரசின் பட்ஜெட்டில் மிச்சம் பிடித்த தொகை நகராட்சியின் கடனாக வேறிடத்தில் முளைத்தது. கணக்கு எழுதியே வாழ்ந்தவன் என்ற முறையில், இதைச் சேமிப்பு என்று என்னால் அழைக்க முடியவில்லை.

2 பிப்ரவரி, மாலை

நாடாளுமன்றத்தின் நிலையைக் காட்டும் எண்கள்: 1930இல் ரைக்ஸ்டாக் இயற்றிய சட்டங்கள் 98, அவசர ஆணைகள் 5. 1931இல் சட்டங்கள் 34, ஆணைகள் 44. 1932இல் சட்டங்கள் வெறும் 5. அமர்வு நாட்கள் 1930இல் 94 ஆக இருந்தவை 1932இல் 13 ஆகச் சுருங்கின. செப்டம்பர் தேர்தலுக்குப் பிறகு சமூக ஜனநாயகக் கட்சி, ஹிட்லர் வந்துவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக, ஆணைகளை ரத்து செய்யாமல் சகித்துக்கொண்டது. தன் தொண்டர்களின் சம்பளத்தை வெட்டும் ஆணைகளை அது பல்லைக் கடித்துக்கொண்டு கடக்கவிட்டது. புரூனிங் ஜூலையில் மறுத்த பேச்சுவார்த்தை இப்போது மறைமுகமாக, எந்தப் பொறுப்புப் பகிர்வும் இல்லாமல் நடந்தது.

5 பிப்ரவரி

வரலாற்றாசிரியர் க்னுட் போர்ஹார்ட்டைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். 1979இல் அவர் முன்வைத்த வாதம் கேள்வி கேட்டவரின் வாதத்துக்கு மிக நெருக்கமானது: ஜெர்மனியின் நோய் மந்தத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது, சம்பளம் உற்பத்தித் திறனை மீறிப் போயிருந்தது, நிதி கிடைக்கும் வழிகள் அடைபட்டிருந்தன, ஆகவே புரூனிங்குக்கு நடைமுறையில் மாற்று இல்லை. கார்ல்-லுட்விக் ஹோல்ட்ஃப்ரெரிக் அதை மறுத்தார். அந்தச் சர்ச்சை இன்றளவும் ஓயவில்லை. போர்ஹார்ட் தரப்பை மீண்டும் படித்தபோது, 1931 இலையுதிர் காலத்தில் கட்டு முழுவதும் அவிழ்ந்துவிட்டது போல நான் எழுதியது சற்று அழுத்தமாகப் போய்விட்டதோ என்று யோசித்தேன். மார்க்கின் மதிப்பைக் குறைப்பது யங் திட்ட உடன்பாட்டுக்கு எதிரானது. மக்களும் அதை 1923இன் மறுபிறவியாகவே பார்த்திருப்பார்கள். அதனால் அதை நான் மாற்று வழிகளில் சேர்க்கவில்லை. ஆனால் பொதுப்பணிக்கு ஓர் அளவான கடன் என்பது வேறு. அது எட்டாக்கனி அன்று. டிசம்பர் ஆணையின் வேகமும் கட்டாயமானது அன்று.

இன்னொரு சிக்கல் புரூனிங்கின் நினைவுக் குறிப்புகள். அவை அவர் இறந்த பிறகு 1970இல் வெளிவந்தன. இழப்பீட்டை ஒழிப்பதே தம் கொள்கையின் முதல் குறிக்கோள் என்றும், முடியாட்சியை மீட்கும் எண்ணம் தமக்கு இருந்தது என்றும் அவற்றில் எழுதியிருக்கிறார். முடியாட்சித் திட்டத்துக்குச் சமகால ஆவணங்களில் தக்க சான்று இல்லை என்பதால் பலர் அதை ஐயத்தோடு பார்க்கிறார்கள்; நானும் ஒதுக்கிவைக்கிறேன். இழப்பீடு பற்றிய பகுதியை ஒதுக்க முடியாது, ஏனெனில் 1931 ஜூன் அறிக்கை அதற்கு அச்சில் வந்த சாட்சி. ஜெர்மனியால் கட்ட முடியாது என்பதை உலகுக்கு நிரூபிக்க வேண்டும். உள்நாட்டில் ஊசி முனையளவு செலவு செய்தாலும் அந்த நிரூபணம் பலவீனப்படும். நிரூபணத்துக்கான சாட்சிப் பொருளாக வைக்கப்பட்டது தொழிலாளியின் அடுப்படி. அதை அவரிடம் கேட்டு வைத்திருந்தால் ஒருவேளை பலர் பொறுத்திருப்பார்கள். கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

10 பிப்ரவரி

வீழ்ச்சியைப் பற்றி. 1932 வசந்தத்தில் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. 84 வயதான ஹிண்டன்பர்க்குக்காக ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டவர் புரூனிங். ஏப்ரல் 10 இரண்டாம் சுற்றில் ஹிண்டன்பர்க் 53 சதவீதமும் ஹிட்லர் 36.8 சதவீதமும் பெற்றார்கள். முடியாட்சிவாதியான அந்தக் கிழவருக்குச் சமூக ஜனநாயகக் கட்சியினரும் கத்தோலிக்கர்களும் வாக்களித்தார்கள், தன் பழைய ஆதரவாளர்கள் பலர் கைவிட்டார்கள் என்பது அவர் மனத்தில் முள்ளாகத் தைத்தது. அந்தக் கோபம் வெற்றி தேடித் தந்தவர் மேலேயே திரும்பியது.

சில நாட்களில் நாஜிகளின் அதிரடிப் படைக்குத் தடை விதிக்கப்பட்டது. ஷ்லைஷர் அதற்கு எதிராகக் காய் நகர்த்தி, தடையைக் கொண்டுவந்த அமைச்சர் க்ரோனரை மே மாதத்தில் பாதுகாப்புத் துறையிலிருந்து விலக வைத்தார். திவாலான கிழக்குப் பகுதிப் பண்ணைகளை எடுத்து நிலமற்றோரைக் குடியமர்த்தும் திட்டம் தயாரானபோது, பெருநிலக்கிழார்கள் அதை "வேளாண் போல்ஷெவிசம்", அதாவது நிலத்தைப் பறிக்கும் கம்யூனிசம் என்று ஹிண்டன்பர்க்கின் காதில் ஓதினார்கள். ஹிண்டன்பர்க்கும் நொய்டெக்கில் பண்ணை வைத்திருந்தவரே. மே 11இல் ரைக்ஸ்டாக்கில் பேசிய புரூனிங், இலக்குக்கு இன்னும் நூறு மீட்டர்தான் இருக்கிறது என்றார். மே 29இல் ஹிண்டன்பர்க், இனி அவசர ஆணைகளில் கையெழுத்திட மாட்டேன் என்று தெரிவித்தார். மறுநாள் புரூனிங் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்தார். சந்திப்பு சில நிமிடங்களில் முடிந்தது.

நாடாளுமன்றப் பெரும்பான்மையில் நின்ற சான்சலரை இப்படி ஒரு கையெழுத்து மறுப்பால் அனுப்பியிருக்க முடியாது. தன் காலுக்குக் கீழிருந்த தரையை 1930 ஜூலையில் அவரே தோண்டி எடுத்துவிட்டார்.

நூறு மீட்டர் என்று அவர் சொன்னது உண்மையும்கூட. அடுத்து வந்த பாப்பன் அரசு ஜூலை 9இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இழப்பீட்டு உடன்பாட்டில் கையெழுத்திட்டது: 300 கோடி மார்க் இறுதித் தொகையோடு இழப்பீடு நடைமுறையில் முடிந்தது. அந்தத் தொகையும் கட்டப்படவேயில்லை.

11 பிப்ரவரி

அவருடைய பிற்காலம் சுருக்கமாக. 1933 மார்ச்சில் ஹிட்லருக்கு முழு அதிகாரம் தரும் சட்டத்தைக் கட்சிக்குள் எதிர்த்தார்; கட்சி முடிவுக்குக் கட்டுப்பட்டு ஆதரவாக வாக்களித்தார். மே மாதத்தில் மையக் கட்சியின் தலைவராகி, ஜூலையில் அதைக் கலைக்க வேண்டிய நிலைக்கு வந்தார். 1934இல் உயிருக்கு ஆபத்து என்றறிந்து ஹாலந்து வழியாக வெளியேறினார். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தார். ஐம்பதுகளில் சில ஆண்டுகள் கொலோன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். மீண்டும் அமெரிக்கா சென்று வெர்மான்ட் மாநிலத்தில் 1970 மார்ச் 30இல் காலமானார்.

13 பிப்ரவரி

கேள்வி கேட்டவர், "அப்படியானால் ஹிட்லரைக் கொண்டுவந்தவர் புரூனிங்தான் என்கிறீர்களா?" என்று மீண்டும் கேட்டிருக்கிறார். இல்லை. அவர் விலகியதற்கும் ஹிட்லர் சான்சலர் ஆனதற்கும் நடுவே எட்டு மாதங்களும், பாப்பன், ஷ்லைஷர் என்ற இரு சான்சலர்களும் இருக்கிறார்கள். அதிரடிப் படைத் தடையை நீக்கியது பாப்பன். ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்ததும் பாப்பன். ஆறு கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த நாட்டின் முடிவு ஒருவருடைய பட்ஜெட்டில் மட்டும் எழுதப்படவில்லை.

வேலைவாய்ப்பை உருவாக்கியது ஹிட்லர்தான் என்று இதே இழையில் வேறொருவர் எழுதியிருப்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேலை உருவாக்கத்துக்காக 13.5 கோடி மார்க் ஒதுக்கும் சிறு திட்டம் புரூனிங் அமைச்சரவையின் கடைசி வாரங்களில் தயாராகி, பாப்பன் காலத்தில் அமலானது. வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளிகளுக்கு வரிச் சலுகைச் சான்றிதழ் கொடுக்கும் முறையை 1932 செப்டம்பரில் பாப்பன் கொண்டுவந்தார். பொதுப்பணிகளுக்கு 50 கோடி மார்க் கடன் தரும் உடனடித் திட்டத்தை ஷ்லைஷர் அரசு தன் கடைசி நாட்களில் நிறைவேற்றியது. அந்தப் பணத்தை முதலில் செலவழிக்கும் வாய்ப்பு 1933 ஜனவரி 30இல் பதவியேற்ற ஹிட்லருக்குக் கிடைத்தது. அதற்கான நற்பெயரையும் அவரே எடுத்துக்கொண்டார். 1931 டிசம்பரில் சம்பளத்தை 1927க்கு இறக்கியதற்குப் பதிலாக இதில் ஒரு பகுதியையாவது தொடங்கியிருக்கலாம் என்பதே, "வேறு என்ன செய்திருக்கலாம்" என்ற உங்கள் கேள்விக்கு நான் தரும் பதில்.